வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. கிராஃபிக் டிசைனராக இருக்கிறேன். அப்பா இல்லை, அம்மாதான் தையல் தைத்துப் படிக்க வைத்தார். நடிப்புப் பள்ளியில் சேர ஆசை. ‘ஹாரி பாட்டர்’ படங்களில் ஸ்னேப்பாக வந்த ஆலன் ரிக்மனும் டிசைனராக இருந்து 26 வயதில்தான் நடிக்க வந்தாராமே? இதைச் சொன்னால் அம்மா, “அவன் வெள்ளைக்காரன்டா” என்கிறார். வேலையை விடலாமா? - பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, நீங்கள் கேள்விப்பட்டது நிஜம்தான். ஆனால் மீதியையும் கேளுங்கள்.

வெள்ளைக்காரன் என்றால் வசதிக்காரன் என்று அம்மா நினைக்கிறார் போல. ரிக்மன் 1946-இல் லண்டன் ஆக்டன் பகுதியில், தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு மகனாகப் பிறந்தவர். எட்டு வயதில் அப்பா தவறிவிட்டார். நாலு பிள்ளைகளையும் அம்மா ஒற்றை ஆளாக வளர்த்தார். அந்த வீட்டில் 18 வயதுப் பையன் நடிக்கப் போகிறேன் என்று வாய் திறக்க முடியுமா? டிசைன் படித்தார். நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஸ்டூடியோவும் வைத்தார். சில வருஷம் ஓட்டிய பிறகுதான் ‘ராடா’ நாடகப் பள்ளிக்கு ஒரு கடிதம் போட்டார்.

இடம் கிடைத்தது. அப்போதும் கைத்தொழிலை விடவில்லை. படித்துக்கொண்டே டிசைன் வேலை எடுத்துச் செய்தார். அது போக நைஜல் ஹாதோர்ன், ரால்ஃப் ரிச்சர்ட்சன் போன்ற பெரிய நடிகர்களுக்கு உடை மாற்றிவிடும் வேலையும் பார்த்தார். கையில் அடுத்த காட்சிக்கான கோட்டை வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கிற வேலை. ஒரு நடிகன் மேடை ஏறுவதற்கு முந்தைய நிமிஷம் எப்படி இருக்கிறான் என்பதை அவ்வளவு கிட்டத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்? என்னைக் கேட்டால் அதுவும் ஒரு நடிப்புப் பள்ளிதான், சம்பளத்தோடு.

சரி, சினிமா? முதல் படம் ‘டை ஹார்ட்’ 1988-இல் வந்தது. அப்போது அவருக்கு 42. நீங்கள் 26-ஐப் பிடித்துக்கொண்டீர்கள், நான் அந்த 42-ஐப் பார்க்கிறேன். இடைப்பட்ட காலம் முழுக்க நாடகம், கொஞ்சம் தொலைக்காட்சி. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவில் 1985-இல் அவர் செய்த வால்மோன் என்ற பிரபு வேடம் நியூயார்க் வரை போய்ப் பேசப்பட்டது. அதற்கு அப்புறம்தான் ஹாலிவுட் கூப்பிட்டது. ஸ்னேப்பாக வரும்போது வயது 55.

அதனால் வேலையை இப்போது விடாதீர்கள். முதலில் நடிப்புப் பள்ளியின் தேர்வுக்குப் போய்ப் பாருங்கள். இடம் கிடைத்தால் முழுநேர வேலையை விட்டு, வீட்டிலிருந்தே செய்கிற டிசைன் வேலைகளுக்கு மாறிக்கொள்ளலாம். அதுவரை அம்மாவிடம் ரிக்மன் பேச்சை எடுக்க வேண்டாம். அடுத்த 12 மாத வாடகை எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.