ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் புது நோய் தொற்றுவது ஏன்?

வேறெதற்கோ அட்மிட் ஆனவருக்கு, பொதுவாக 48 மணி நேரம் கழித்துப் புதிதாக வருவதுதான் மருத்துவமனைத் தொற்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி பணக்கார நாடுகளில் 100 நோயாளிகளில் 7 பேருக்கு, ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 15 பேருக்கு. இரண்டு மடங்கு! நெருக்கமான கட்டில்கள், ஒரு நர்ஸுக்கு ஏகப்பட்ட நோயாளிகள், வறண்ட குழாய். கிருமி பெரும்பாலும் கை வழியாகத்தான் போகிறது. காசிமேட்டு மீனை ஆய்ந்த கையை அப்படியே குடிதண்ணீர் டிரம்மில் விட்டால் டிரம் முழுக்கக் கவிச்சி அடிக்குமே, அப்படித்தான்.

தண்ணீர் இல்லாத வார்டிலும், நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் சானிடைசரை 20-30 விநாடி தேய்க்கலாம். கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பு கட்டாயம். பார்க்கப் போகும் நாமும்தான்.

அப்புறம், கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டாம் என்பது தவறு: அதே கிளவுஸோடு அடுத்த கட்டிலுக்குப் போனால் கிருமியும் கூடவே போகும்.