ஸ்கூல் பாண்ட் பணத்தை யார் பார்க்கிறார்கள்? கலிஃபோர்னியா பெற்றோருக்குச் சில பதில்கள்

கலிஃபோர்னியாவில் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின், பாண்ட் கண்காணிப்புக் குழுவில் நான்கு வருடம் இருந்தேன். பாண்ட் என்பது பள்ளிக் கட்டட வேலைகளுக்காக டிஸ்ட்ரிக்ட் வாங்கும் கடன், அதை நம் சொத்து வரியிலிருந்து திருப்பிக் கட்டுகிறார்கள். நம்மவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, சொத்து வரி பில்லில் ஸ்கூல் பாண்ட் என்று தனியாக ஒரு வரி இருக்கிறதே, இது எங்கிருந்து வந்தது?

உங்கள் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு வந்தது. முன்பெல்லாம் பாண்ட் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2000 நவம்பரில் மாநில மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ப்ரொபொசிஷன் 39 என்ற சட்டம் அதை 55 சதவீதமாகக் குறைத்தது. பதிலுக்குச் சில நிபந்தனைகள் போட்டார்கள். என்னென்ன வேலை என்று பட்டியல் கொடுக்க வேண்டும், வருடா வருடம் இரண்டு தணிக்கை நடக்க வேண்டும், பொதுமக்கள் குழு ஒன்று செலவைப் பார்க்க வேண்டும். குழு ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் அந்த ஒப்பந்தத்தில் நம் பக்கம் கிடைத்ததை நாமே விட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

குழு நினைத்தால் ஒரு செலவை நிறுத்த முடியுமா?

முடியாது. புதிதாக வரும் எல்லோரும் இங்கேதான் சோர்ந்து போகிறார்கள். முடிவெடுப்பது டிஸ்ட்ரிக்டை நடத்தும் போர்டு, குழுவின் வேலை பார்ப்பதும், பார்த்ததை ஊருக்குச் சொல்வதும். ஆனால் அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஒருமுறை கிண்டர்கார்டன் கழிப்பறையைப் பார்க்கப் போனோம், பில்லில் 'வேலை முடிந்தது' என்று இருந்தது, போய் நின்றால் கை கழுவும் தொட்டி என் இடுப்பு உயரத்தில், ஒரு குட்டிப் பெண் நுனிக்காலில் நின்றும் குழாய் எட்டாமல் தோழியைக் கூப்பிடுகிறாள். அதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதினோம், வருடாந்திர அறிக்கையிலும் போட்டோம். கோடை விடுமுறையில் தொட்டியை இறக்கி வைத்தார்கள்.

நான் அதே டிஸ்ட்ரிக்டில் பகுதி நேரமாக வேலை செய்கிறேன், குழுவில் சேரலாமா அண்ணா?

கூடாது அம்மா. ஊழியர், அதிகாரி, கான்ட்ராக்டர், கன்சல்டன்ட் யாரும் கூடாது. குறைந்தது ஏழு பேர் வேண்டும்: வணிக அமைப்பு, மூத்தோர் அமைப்பு, வரி செலுத்துவோர் சங்கம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர், பிள்ளை படிக்கும் பெற்றோர் ஒருவர், பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழகம்) மாதிரி அமைப்பில் இயங்கும் பெற்றோர் ஒருவர், மற்றவர்கள் பொதுவாக. சம்பளம் கிடையாது. பெற்றோர் இடம் காலியானால் தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள், கணக்குப் படித்திருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

பாண்ட் பணத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்களே?

ஆசிரியர் சம்பளமும் அன்றாடச் செலவும் அதில் கூடவே கூடாது. ஆனால் பாண்ட் வேலைகளை மேற்பார்வை பார்க்கும் நேரத்துக்கு மட்டும் நிர்வாக ஊழியர் சம்பளத்தை அதிலிருந்து எடுக்கலாம் என்று 2004-ல் மாநில அட்டர்னி ஜெனரல் கருத்து சொல்லியிருக்கிறார். அதனால் 'யாருக்கு எவ்வளவு' என்பதோடு நிறுத்தாமல் 'எத்தனை மணி நேரம், எந்த வேலைக்கு, நேரக் குறிப்பு எங்கே' என்று கேளுங்கள். சேஞ்ச் ஆர்டருக்கும், அதாவது ஒப்பந்தம் போட்ட பிறகு வேலையையோ தொகையையோ மாற்றும் உத்தரவுக்கும், இதே மாதிரிதான். சுவரை உடைத்த பிறகு உள்ளே மரம் உளுத்திருந்தது என்றால் நியாயம், வரைபடத்தில் கதவையே மறந்துவிட்டு அதற்குக் கூடுதல் பணம் கேட்டால் யார் தவறு, யார் கட்டுவது என்று விடாமல் கேட்க வேண்டும்.

வட்டியையும் குழு பார்க்குமா?

கடனை எப்படி வாங்குகிறார்கள் என்பது நேரடியாகக் குழுவின் பொறுப்பில் வராது, எனக்குப் பெரிய மனக்குறை இதுதான். சான் டியேகோ பக்கம் போவே டிஸ்ட்ரிக்ட் 2011-ல் சுமார் 10.5 கோடி டாலர் வாங்கியது, இருபது வருடம் எதுவும் கட்டாமல் தள்ளிப்போட்டதில் திருப்பிக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 100 கோடி டாலர். இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் வளர்ந்து வீடு வாங்கினால் அவர்கள் தலையில் விழும் கடன் அது. 2013-ல் வந்த சட்டம் இந்த வகைக் கடனை 25 வருடத்துக்குள், மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது அசலில் நான்கு மடங்குக்குள் என்று கட்டிப்போட்டது. ஆனாலும் பாண்ட் விற்கும் முன்பே போர்டு கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள், விற்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

குழுவில் சேர நேரமில்லை அண்ணா, வெளியிலிருந்து என்ன செய்யலாம்?

நிறைய செய்யலாம். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே போட வேண்டும், கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். தணிக்கை அறிக்கை மார்ச் 31-க்குள் குழுவுக்கு வர வேண்டும், அதில் குறை சொல்லியிருந்தால் மூன்று மாதத்துக்குள் டிஸ்ட்ரிக்ட் பதில் தர வேண்டும். அப்புறம், பேசப் போகும்போது பொதுவாகக் குறை சொல்லாதீர்கள். பாண்ட் வேலைப் பட்டியலில் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு எழுதியிருக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்து, ஒதுக்கியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, எப்போது முடியும் என்று மூன்றே கேள்வி கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு வாருங்கள்.