உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் நாடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஆட்டத்தை மாற்றுமா?

மாற்றும், நன்றாகவே மாற்றும். நான் ஊட்டிக்காரன், இங்கேயே பந்தாடி வளர்ந்தவன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மெக்சிகோ சிட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். 1970, 1986 உலகக் கோப்பைகளின் இறுதி ஆட்டங்கள் நடந்த அஸ்டெகா மைதானம் இருப்பது அங்கே.

இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காற்றில் ஆக்சிஜன் விகிதம் மாறாது, ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறையும். கோவையிலிருந்து காலையில் கிளம்பி மதியம் இங்கே ஆட வரும் டீம்களைப் பார்த்தாலே புரியும். முதல் பாதியில் எங்களைவிட வேகமாக ஓடுவார்கள். இரண்டாம் பாதியில் ஒரு ஓட்டம் ஓடியதும் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவார்கள். திறமைக் குறைவு இல்லை, வாங்கிய மூச்சு அடங்க நேரமாகிறது. உடம்பு பழக ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும்.

பந்தும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மேட்டுப்பாளையத்தில் காற்றடித்த பந்து ஊட்டி வந்து சேர்வதற்குள் கல் மாதிரி இறுகியிருக்கும், வெளியே அழுத்தம் குறைந்துவிடுகிறதல்லவா. ஊசியைச் செருகி, கொஞ்சம் காற்றை இறக்கி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நடுக்கோட்டில் வைப்போம். மெல்லிய காற்றில் தடை குறைவு என்பதால் நீளமாக உதைத்த பந்து இன்னும் தூரம் பறக்கும். சுழற்றி உதைத்தாலோ, சமவெளியில் வளைகிற அளவுக்கு வளையாது. சமவெளி கோல்கீப்பர்கள் தூரத்து ஷாட்டில் தடுமாறுவது இதனால்தான்.

இனி 1970-ஐப் பாருங்கள். பிரேசில் முன்கூட்டியே போய், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் குவானாஹுவாட்டோவில் தங்கிப் பயிற்சி எடுத்தது. இத்தாலியோ இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, அதே அஸ்டெகாவில், மேற்கு ஜெர்மனியுடன் கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம் ஆடி 4-3 என்று ஜெயித்திருந்தது. இறுதி ஆட்டத்தில் 65 நிமிடம் வரை 1-1. அதற்குப் பிறகு ஜெர்சன், ஜெய்ர்சின்யோ, கார்லோஸ் ஆல்பெர்ட்டோ என்று மூன்று கோல், முடிவு 4-1. அந்த பிரேசில் டீம் கடற்கரையில் ஆடியிருந்தாலும் ஜெயித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கடைசி 25 நிமிடத்தில் இத்தாலியர் கால்கள் அப்படி ஓய்ந்துபோனதற்கு அந்த 120 நிமிடமும் உயரமும் சேர்ந்துதான் காரணம்.

1986-ஐ நடத்த முதலில் தேர்வானது கொலம்பியா. பொருளாதார நெருக்கடியால் 1982-ல் அது விலக, வாய்ப்பு மெக்சிகோவுக்கு வந்தது. ஐரோப்பிய டிவி நேரத்துக்காகப் பல ஆட்டங்களை உச்சி வெயிலில் வைத்தார்கள். உயரத்தோடு வெயிலும் சேர்ந்தால் என்ன பாடு! இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா பாதி மைதானத்துக்கு மேல் தனியாகப் பந்தைக் கொண்டுபோய்ப் போட்ட கோல் அப்படியொரு நண்பகலில்தான். மற்றவர்கள் அந்தக் கோலில் கால் வித்தையைப் பார்ப்பார்கள், எனக்கு அந்த நுரையீரல்தான் பெரிய ஆச்சரியம்.

2010 உலகக் கோப்பை நடந்த தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நம் குன்னூரைவிடக் கொஞ்சம் தாழ்வு. அங்கே பாதிப்பு இருந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

2007-ல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டமே கூடாது என்றது, எதிர்ப்பு கிளம்பியதும் 2008-ல் தடையை நிறுத்தி வைத்தது. அந்தத் தடை அநியாயம். சுமார் 3,600 மீட்டரில் இருக்கும் பொலிவியாவின் லா பாஸ் நகர மக்கள் சொந்த ஊரில் ஆடக் கூடாது என்றால், மலையில் பிறந்தவனுக்குக் கால்பந்து கிடையாது என்றல்லவா ஆகிறது? சென்னை வெயிலில் நாங்கள் போய் ஆடவில்லையா?

இன்னொன்று. 2034-ஐ நடத்தப்போவது சவூதி அரேபியா. எல்லோரும் பாலைவனச் சூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் அறிவித்த ஐந்து நகரங்களில் ஒன்றான அபா மலைமேல், 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஆடப் போகும் டீம்கள் முன்கூட்டியே போய்ச் சேர்வது நல்லது.