பெட்டியில் 'வீலேன்' என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் அலுவலகம் மூன்று தளங்களில் இயங்குகிறது, தளத்துக்கு ஒரு சுவிட்ச் (கணினிகளையும் கருவிகளையும் கேபிளால் இணைக்கும் பெட்டி). கணக்குப் பிரிவு, கண்காணிப்புக் கேமராக்கள், விருந்தினர் வைஃபை மூன்றையும் வீலேன் (ஒரே சுவிட்சுகளையும் கேபிள்களையும் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை) வைத்துப் பிரிக்க வேண்டும். கடைக்காரர் காட்டும் இரண்டு வகையிலும் வீலேன் உண்டாம். ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல இரு மடங்கு. எதை வாங்கலாம்? மூன்று சுவிட்சும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டுமா?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். மலிவான சில சுவிட்சுகளில் இருப்பது போர்ட் (கேபிள் செருகும் துளை) அடிப்படையிலான வீலேன் மட்டுமே. ஒரே பெட்டிக்குள் இந்தப் போர்ட் அந்தப் போர்ட்டோடு பேசாமல் தடுக்கும், அவ்வளவுதான். கேபிள் அடுத்த தளத்துக்கு ஏறியதும் எந்தத் தகவல் எந்தப் பிரிவுடையது என்பதற்கு அடையாளமே இராது.

உங்களுக்கு வேண்டியது 802.1கியூ என்ற வீலேன் தரநிலை. 1998-இல் வெளிவந்த இந்தத் தரநிலைப்படி, சுவிட்சுகளுக்கு இடையே போகும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (தகவல் துண்டிலும்) 4 பைட் அளவுள்ள ஒரு டேக், அதாவது அடையாளச் சீட்டு, செருகப்படுகிறது. 1 முதல் 4094 வரையிலான வீலேன் எண் அதில்தான் இருக்கும். பொதுத் தரநிலை என்பதால் வெவ்வேறு நிறுவனங்களின் சுவிட்சுகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். மலிவு வகையில் இது இருந்தால் தாராளமாக அதையே வாங்குங்கள். ஒரே நேரத்தில் 32 வீலேன்தான் என்ற வரம்பு சிலவற்றில் உண்டு. மூன்று பிரிவுக்கு அது ஒரு குறையே அல்ல.

வீலேன் பட்டியலை ஓரிடத்தில் மாற்றினால் எல்லா சுவிட்சுகளுக்கும் தானே பரவும் வசதிக்காகக் கூடுதலாகச் செலவிடாதீர்கள். சிஸ்கோவின் விடிபி அப்படிப்பட்டதுதான். அதன் பழைய பதிப்புகளில், அதே டொமைன் (சுவிட்சுக் குழு) பெயரும், பட்டியல் எத்தனை முறை மாறியது என்று காட்டும் திருத்த எண் கூடுதலாகவும் கொண்ட ஒரு பழைய சுவிட்சை இணைத்தால் போதும், மொத்தப் பட்டியலும் அழிந்துவிடக்கூடும். மூன்று சுவிட்சுகளிலும் வீலேன்களைக் கையால் அமைப்பதே உத்தமம்.

சிக்கல் வருவது அமைக்கும்போதுதான். கேமராவுக்கு வீலேன் 20 என்று வைத்துக்கொள்வோம். தளங்களை இணைக்கும் போர்ட்டுகளில், இரு முனைகளிலும், 20 'டேக்டு' (டேக்கோடு போவது) ஆக இருக்க வேண்டும். கேமரா செருகும் போர்ட்டில் அது 'அன்டேக்டு' (டேக் இல்லாமல் போவது). அதோடு அந்தப் போர்ட்டின் பிவிஐடியும் (டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த வீலேனில் சேர்ப்பது என்று சொல்லும் எண்) 20 ஆக வேண்டும். பல மலிவு மாதிரிகளில் இவை இரண்டும் அமைப்புத் திரையின் வேறு வேறு பக்கங்களில் ஒளிந்திருக்கும். பிவிஐடியை மறந்தால் கேமரா அனுப்புவதெல்லாம் வீலேன் 1-க்குப் போய்விடும். படம் வராது, பழி கேமராவின் மேல் விழும்.

வைஃபை கருவியும் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனி வீலேன் தரக்கூடியதா என்று கேளுங்கள். கணக்குப் பிரிவிலிருந்து கேமராவைப் பார்க்க வேண்டுமானால், இரு வீலேன்களுக்கும் இடையே வழிவிட ரவுட்டரோ ஃபயர்வாலோ தேவை.

பணம் கொடுக்குமுன் அந்த மாதிரியின் கையேட்டை இணையத்தில் இறக்கிப் பாருங்கள். சுவிட்சை மாற்றியமைக்கும் அமைப்புப் பக்கத்தை ஒரே ஒரு வீலேனுக்குள் அடைக்க முடியுமா என்று தேடுங்கள். முடியாதென்றால் விருந்தினர் வைஃபையில் இருப்பவரும் உங்கள் சுவிட்சின் கடவுச்சொல் பக்கம்வரை வந்துவிடுவார்; அந்த மாதிரி வேண்டாம்.