செம்மஞ்சள் கீற்று: நெகற்றிவின் ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவின் பெண்டாக்ஸ் கே1000 கமராவில் நிலாவெளிக் கடற்கரையில் ஒரு கலர் றோல் எடுத்தேன். பாதிப் படங்களில் செம்மஞ்சள் கீற்று. பிழை பிலிமிலா, லென்ஸிலா? (உப்புவெளி வாசகர்)

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. முதலில் நெகற்றிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்கான் செய்யும்போது ஓரம் வெட்டுப்பட்டுவிடும். உங்களுக்கு வேண்டியதோ அந்த ஓரம்தான். படத்தில் செம்மஞ்சளாக இருப்பது நெகற்றிவில் கருமையாகத் தெரியும். அந்தக் கருமை படச் சட்டத்தைத் தாண்டி, பிலிமின் ஓரத்தில் வரிசையாக உள்ள பற்துளைகள் வரை ஓடினால், பின்கதவால் வெளிச்சம் கசிகிறது. சட்டத்துக்குள்ளேயே, படத்துக்குப் படம் ஒரே இடத்தில் புள்ளியாக நின்றால், பிலிமை மறைத்து நிற்கும் ஷட்டர் துணியில் ஊசித்துளை. அது மெக்கானிக்கின் வேலை.

உங்கள் கீற்றின் நிறமும் கதவைத்தான் காட்டுகிறது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் பிலிமின் அடித்தளத்தைக் கடந்து, சிவப்பை உணரும் படையை முதலில் தொடும், அதனால்தான் செம்மஞ்சள்.

கதவு மூடும் காடிகளில் (ஒடுங்கிய பள்ளங்களில்) ஒட்டிய கறுப்பு ஸ்பொஞ் காலத்தாலும் புழுக்கத்தாலும் தார்போல இளகி உதிரும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். பல்குத்தும் குச்சியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டுச் சுரண்டுங்கள். கமராவின் பின்பக்கம் நிலம் பார்த்திருக்கட்டும். துகள் ஷட்டர் துணியில் விழுந்து ஒட்டினால் இன்னொரு செலவு. காடிகளுக்கு 1.5 மில்லிமீற்றர் ஸ்பொஞ் போதும். தடிப்புக் கூடினால் கதவு பூட்டாது. ஸ்பொஞ் கிடைக்காவிட்டால் கறுப்புக் கம்பளி நூலைக் காடிக்குள் பதித்தாலும் வெளிச்சம் நிற்கும், பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். கீலுள்ள பக்கத்தை மறக்காதீர்கள். பலர் விடுவது அதைத்தான்.

ஸ்பொஞ் மாற்றுமுன் உறுதிசெய்ய வேண்டுமானால், 36 பட றோலில் முதல் 18 படத்தை அப்படியே எடுத்து, பிறகு கதவு விளிம்பு முழுவதும் கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒட்டி மிச்சத்தை எடுங்கள். பின்பாதி சுத்தமாக வந்தால் குற்றவாளி கதவுதான். ரேப்பை முதலில் ஒட்டிப் பிறகு உரித்தால் சோதனை குழம்பும்: சுற்றி முடிந்த படங்களிலும் வெளிச்சம் ஏறக்கூடும்.

இன்னொன்று, இந்தக் கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு சுவிட்ச் இல்லை. லென்ஸ் மூடியைப் போடாவிட்டால் எல்ஆர்44 பற்றரி சும்மா கரையும். பற்றரி செத்தாலும் ஷட்டர் ஓடும், 200 ஐஎஸ்ஓ பிலிமுக்கு நல்ல வெயிலில் ஷட்டர் வேகம் 1/250, லென்ஸ் துவாரம் எஃப்16, வெண்மணலில் எஃப்22.

கச்சான் காற்று அடிக்கும் நாளில் மணலில் நின்று றோல் மாற்றாதீர்கள். ஒரு மணல் போதும், பிலிம் நெடுகக் கோடு கிழிக்க.