கேட் திறந்ததும் பாயாதீர்கள்

காரைக்குடியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் ஓட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, ஜனவரியில் சென்னையில் என் முதல் முழு மாரத்தான். 5 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. போன அரை மாரத்தானில் 9-வது கிலோமீட்டரில் கழிப்பறை வரிசையிலேயே 4 நிமிடம் போய்விட்டது. ஈடுகட்டலாமென்று மூன்று கிலோமீட்டர் விரட்டி ஓடினேன். 17-வதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இங்கே பயிற்சியிலும் ரயில்வே கேட் மறிக்கிறது. இழந்த நேரத்தை எப்படித் திரும்பப் பிடிப்பது?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வரிசையில் நின்ற 4 நிமிடத்தை விடுங்கள், அம்மா. காலைப் பிடிக்க வைத்தது அந்த மூன்று கிலோமீட்டர் விரட்டலாகத்தான் இருக்கும். வேகம் கூடக் கூட உடல், தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை அள்ளி எரிக்கும். அது அளவான இருப்பு. முழு மாரத்தானில் பலருக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது அது வற்றத் தொடங்கும். நடுவில் பாய்ந்தவருக்கு அதற்கும் முன்பே வற்றும்.

இழந்த நேரத்தைக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணைக் கணக்கை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதை 5 மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு சுமார் 7 நிமிடம் 6 விநாடி. 12-வது கிலோமீட்டரில் 4 நிமிடம் போனால் மீதி 30 கிலோமீட்டர் இருக்கிறது. கிலோமீட்டருக்கு 8 விநாடி குறைத்தால் போதும். அதே 4 நிமிடம் 35-வதில் போனால் கிலோமீட்டருக்கு 34 விநாடி குறைக்க வேண்டும். முதல் முறை ஓடுகிறவருக்கு அது ஆகிற காரியமில்லை. மனதுக்குள் இலக்கை 5 மணி 4 நிமிடம் என்று மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தொடக்கத்திலிருந்தே கிலோமீட்டருக்குச் சரியாக 7 நிமிடம் என்று ஓடினால் 4 மணி 55 நிமிடம் 22 விநாடியில் முடியும். நான்கரை நிமிடத்துக்கு மேல் கையிருப்பு. கழிப்பறைக்கும், அவிழ்ந்த ஷூ லேசுக்கும் அதிலிருந்து செலவு செய்யலாம். அமெரிக்காவின் 1975 பாஸ்டன் மாரத்தானில் அந்நாட்டு வீரர் பில் ராட்ஜர்ஸ் லேஸ் கட்டவும் தண்ணீர் குடிக்கவும் நின்றார். 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் முதலாவதாகவும் வந்தார். அதே பாஸ்டனில் 2018-இல், கொட்டும் மழையில், அமெரிக்க வீராங்கனை ஷலேன் ஃபிளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது சக வீராங்கனை டெஸ் லிண்டன் அவருக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். அன்று பெண்கள் பிரிவில் வென்றவர் அந்த லிண்டன்தான்.

ரயில்வே கேட் உங்களுக்கு இலவசப் பயிற்சி. மூடியிருந்தால் குனிந்து நுழையாதீர்கள். அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. உட்காரவும் வேண்டாம். பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் ஒதுங்கி, சாலையோரச் செம்மண்ணில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருங்கள். கேட் தூக்கியதும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் பாயும். நமக்கும் கால் பரபரக்கும். அங்கேதான் அடக்க வேண்டும். முதல் 200 மீட்டர் மெதுவோட்டம், பிறகு பழைய வேகம், ஒரு கிலோமீட்டர் கழித்துத்தான் தவணைக் கணக்கு.

கேள்வி: நிற்கும்போது கடிகாரமும் தானாக நிற்கும்படி வைக்கலாமா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: பயிற்சியில் உங்கள் விருப்பம். பந்தயத்தில் வேண்டாம். ஷூவில் கட்டிய, நேரம் பதியும் சிப்போ, மார்பில் குத்திய எண்ணட்டையில் இருக்கும் சிப்போ, தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து நிற்காமல் எண்ணும். உங்கள் கடிகாரம் 4 மணி 58 என்று காட்டும், சான்றிதழ் 5 மணி 2 என்று சொல்லும். நின்று கிளம்பியதும் திரையில் சராசரி வேகத்தையும் பார்க்காதீர்கள். நின்ற நேரமும் சேர்ந்து அது மோசமாகத் தெரியும், உங்களை விரட்டும். அந்தந்தக் கிலோமீட்டரின் வேகத்தை மட்டும் காட்டும்படி மாற்றி வையுங்கள்.