ஓடைத் தண்ணீருக்கு முறை வைப்பது எப்படி?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு, கேரட் போடுகிறோம். மாசியிலேயே ஓடை மெலிந்துவிடுகிறது. மேலே இருப்பவர்கள் மோட்டார் வைத்து இழுக்க, கீழ்த்தெருவில் குடிதண்ணீருக்கே தகராறு. மாதக் கணக்கில் வைத்த முறையும் உடைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: மாதத்தை வைத்துப் பிரித்ததால்தான் உடைந்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. அந்த மழை சரிவு மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும், ஊற்றுக்குள் இறங்காது. ஐப்பசியில் நல்ல மழை என்பதை நம்பி மாசிக்குப் பங்கு பேச முடியாது.

ஓடுகிற தண்ணீரை அளந்து பிரியுங்கள். ஓடை குறுகும் இடத்தில் மண்மூட்டை போட்டுத் தடுத்து, முழுத் தண்ணீரையும் ஒரு குழாய் வழியே விடுங்கள். 20 லிட்டர் வாளி 40 வினாடியில் நிறைந்தால் நாளைக்கு 43,200 லிட்டர். கீழே 100 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர் என்றால் குடிக்க, புழங்க 22,000 போய்விடும். மீதி 21,200 தோட்டங்களுக்கு. 60 வினாடி ஆனால் தோட்டத்துக்கு 6,800தான். 80 வினாடி ஆகிவிட்டால் ஊருக்கே காணாது, அன்று தோட்டத்துக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேலே ஒருவர், கீழே ஒருவர் சேர்ந்து வாரம் ஒருமுறை அளந்து டீக்கடைச் சுவரில் எழுதட்டும். தனியாக அளந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் மோட்டார். கஷ்டமான பேச்சு இதுதான். ஓடைக்குள் நேராக இறக்கினால், மெதுவாக ஊறி நிற்கும் குட்டையை அது சில நிமிடத்தில் வறளடித்துவிடும். ஓடையோரம் ஆளுக்கொரு தொட்டி, அதில் ஓஸ் வழியாக முறைப்பங்கு விழட்டும். மோட்டார் தொட்டியில் இருந்து இழுக்கட்டும். தொட்டிக்குச் செலவாகும்தான். ஆனால் இராத்திரி வீணாக ஓடும் தண்ணீரும் அதில் சேரும்.

இதைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் சண்டை முற்றியிருக்கும். நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கூட்டத்தில், ஓடையில் தண்ணீரும் மனதில் பொறுமையும் இருக்கும்போது பேசுங்கள். ஊற்றுக்கண்ணைச் சுற்றிச் சோலையும் புல்லும் அப்படியே இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். மரம் நடுகிறேன் என்று யாராவது யூகலிப்டஸ் கன்றோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வடக்குச் சரிவு ஓடைகள் பழனி, உடுமலைப் பக்கத்து அணைகளுக்கு இறங்குகின்றன. வழியில் வேறு ஊராட்சி இருந்தால், அங்கேயும் இதே வாளிக் கணக்கைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.